மடியில் கிடந்த கழுகு

என் மகள் போட்ஸ்வானாவில் பறவை காட்டுகிற வேலை பார்க்கிறாள் என்று இத்தாலியில், எங்கள் பலெர்மோவில் யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிறு சிரிப்பு வரும். அது என்ன வேலை என்று கேட்பார்கள். எனக்கும் கனகாலமாக அது சரியாகத் தெரியாது. வெளிநாடுகளிலிருந்து வருகிற ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், ஆற்றோரத்திலும் காட்டிலும் பறவைகளைத் தேடிக் காட்டிப் பெயர் சொல்லுவாள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் இலங்கையில் மன்னாரிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது பலெர்மோவின் கபோப் பகுதியில், சந்தைக்கு மேலே இருக்கிற எங்கள் இரண்டு அறை வீட்டில் வளர்ந்தாள். என் கணவர் வந்த புதிதில் நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பறித்தார். பிறகு வியா மக்வேதாத் தெருவில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தைத் துப்புரவாக வைத்திருக்கிற வேலை கிடைத்தது. நான் அன்றும் இன்றும் வயதான இத்தாலியச் சீமாட்டிகளை, சிஞ்ஞோராக்களைப் பராமரிக்கிறேன். குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது, கடைசியில் கண்களை மூடிவிடுவது. இந்த வேலைகளில்தான் பிள்ளையைப் படிப்பித்தோம். அவள் டாக்டராக வருவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் உயிரியல் படித்தாள். படித்து முடித்ததும் பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்கு உதவியாளராக ஆபிரிக்கா போனாள். ஆராய்ச்சி முடிந்தும் திரும்பி வரவில்லை. அங்கேயே பரீட்சை எழுதி வழிகாட்டியாகிவிட்டாள்.

என் கணவர் இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஒக்டோபர் மாதத்தில் இறந்தார். வேலை செய்கிற கட்டடத்தின் படிகளில் வாளியோடு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே உயிர் இல்லை. நான் மகளுக்குப் போன் எடுத்தேன், மணி கூடப் போகவில்லை. எங்கள் மாதா கோவில் பங்குச் சுவாமியாரும் எடுத்துப் பார்த்தார். அவள் வேலை செய்கிற நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பினோம். மறுநாள்தான் அவளுடைய குரல் கேட்டது. அழவில்லை, ஒன்றும் விசாரிக்கவில்லை. "வாறன் அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அவள் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. விமானம் தவறிவிட்டது, ஜொகன்னஸ்பேர்க்கில் காத்திருந்தேன் என்றாள். நேரே சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லறையில் ஈரமாயிருந்த சீமெந்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டாம் நாள் செபத்துக்கு வீடு நிறைய ஆட்கள். ஒரே பிள்ளை, தகப்பனின் முகத்தைப் பார்க்க வரவில்லை, வந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று கோப்பி பரிமாறும்போதே என் காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்கும். முதல் நாள் ஏன் தொலைபேசி கிடைக்கவில்லை என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்னமே வேலை இருக்கிறதென்று போய்விட்டாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்போம். சாப்பிட்டீர்களா, அங்கே வெயிலா, இங்கே மழை. அதற்கு மேல் கதை நீளாது.

இந்த வருடக் கோடையில் நான் பார்த்துக்கொண்டிருந்த சிஞ்ஞோரா காலமானார். அவருடைய பிள்ளைகள் வீட்டைப் பூட்டினார்கள். அடுத்த வேலை வருகிறவரைக்கும் நான் கபோ வீட்டில் சும்மா இருந்தேன். அப்போதுதான் மகள் கேட்டாள்.

"இஞ்சை வாங்கோவன் அம்மா. ஒக்டோபரிலை ஒரு குறூப் வருது. ஜீப்பிலை ஒரு சீட் காலியாக் கிடக்கு."

அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது என் கணவர் இறந்த மாதம் என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று யோசித்தேன். வாறன் என்று சொன்னேன்.

மவுன் என்கிற ஊரில் விமானம் இறங்கியது. கதவைத் திறந்ததும் அடுப்புக்கு முன்னால் நிற்பது போல வெக்கை. மகள் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக நின்றாள். கறுத்து மெலிந்திருந்தாள், ஆனால் நடையில் ஒரு நிதானம் வந்திருந்தது. பக்கத்தில் நரைத்த தாடியோடு ஒரு மனிதர் நின்றார். அவர்தான் தலைமை வழிகாட்டி, அந்த ஊர்க்காரர். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். "ம்மா" என்று கூப்பிட்டார். மகள் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, அவர்களுடைய பாஷையில் மதிப்பான பெண்ணைக் கூப்பிடுகிற சொல்லே அதுதானாம்.

என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மெதுவான ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மகள் மொழிபெயர்க்கத் தயங்கினாள். எனக்கே பாதி விளங்கியது. உங்கள் கணவருக்காக நாங்கள் துக்கப்பட்டோம், கூடார முகாமில் எல்லோரும் இவளோடு உட்கார்ந்திருந்தோம், சமையல்காரப் பெண்கள் பாட்டுப் படித்தார்கள் என்றார். நான் மகளைப் பார்த்தேன். அவள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாகனத்துக்கு நடந்துவிட்டாள்.

குழுவில் என்னைத் தவிர இரண்டு தம்பதிகள். ஒரு சோடி இங்கிலாந்திலிருந்தும் மற்றச் சோடி ஒல்லாந்திலிருந்தும் வந்திருந்தார்கள். எல்லோருமே ஓய்வு பெற்றவர்கள். கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கும். விடிய முன்னமே எழும்பி, கோப்பி குடித்துவிட்டு, திறந்த ஜீப்பில் ஏறுவோம். யானைக் கூட்டம் தெருவைக் கடந்தால் அதற்கு ஒரு பார்வை. அதன் பின்னால் பற்றைக்குள் தத்துகிற ஒரு சின்னக் குருவிக்காக எஞ்சினை நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு முதலில் இது விளங்கவில்லை. பைனாகுலரில் பார்த்தால் இலையும் வெளிச்சமும்தான் தெரிந்தது.

மகள் பின்னால் வந்து என் தோளுக்கு மேலால் கையை நீட்டிப் பைனாகுலரின் நடுவிலுள்ள சில்லைத் திருகினாள். "கண்ணை மூடாதேங்கோ. முதல்லை கிளையைப் பிடியுங்கோ, பிறகு குருவி தானா வரும்." அவள் சொன்னபடி பார்த்தேன். நெஞ்சு ஊதாவும் சிறகு நீலமுமாக ஒரு பனங்காடை, கண்ணுக்கு மிகக் கிட்ட, தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

மற்றவர்களோடு அவள் வேலை செய்வதைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய காட்சியாக இருந்தது. வீட்டில் கதைக்காத பிள்ளை. இங்கே ஒரு மீன்கழுகு கத்தினால் உடனே எல்லோரையும் அமர்த்தி, அது எந்த மரத்தில், ஆணா பெண்ணா, ஏன் கத்துகிறது என்று அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொல்லுவாள். தாமரை இலைகளுக்கு மேலே நீண்ட விரல்களால் நடக்கிற இலைக்கோழியைக் காட்ட எங்களை மரத்தோணியில் இருத்திக் கொண்டுபோனாள். ஆற்றங்கரை மண்சுவரில் ஆயிரமாயிரமாகப் பொந்து வைத்திருந்த சிவப்புப் பஞ்சுருட்டான்கள் ஒரே நேரத்தில் எழும்பியபோது அந்த இங்கிலாந்து மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் அவருக்குப் பக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். எப்போது கதைக்க வேண்டும், எப்போது கதைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இது அவளுடைய அப்பாவின் குணம் என்று நினைத்தேன்.

ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குப் போகிற நாளில்தான் அது நடந்தது. நாங்கள் ஜீப்பில் முன்னால் போனோம். கூடாரங்களும் சமையல் சாமான்களும் பின்னால் ஒரு லொறியில் வந்தன. வனவிலங்குக் காவல் எல்லைக்கு வெளியே ஒரு வறண்ட வெளி. தலைமை வழிகாட்டி திடீரென்று வண்டியை நிறுத்தினார். தூரத்தில் ஒரு பட்ட மரம். அதில் பெரிய கழுகுகள் சில இருந்தன, தலையைத் தொங்கப் போட்டபடி. வானத்தில் ஒன்றும் வட்டமிடவில்லை. அவர் மகளிடம் அவர்களுடைய பாஷையில் ஒரே ஒரு சொல் சொன்னார். மகளின் முகம் மாறிவிட்டது.

கிட்டப் போனோம். முதலில் கெட்ட மணம் வந்தது. ஒரு யானை கிடந்தது, முகத்தை வெட்டித் தந்தத்தை எடுத்திருந்தார்கள். அதைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கழுகுகள். குப்புற விழுந்தும் சிறகை விரித்தபடியும் ஒன்றின் மேல் ஒன்றாகவும் கிடந்தன. எண்ண முடியாது. மகள் எங்களிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள், பிறகு எனக்காகத் தமிழில். யானையைக் களவாகச் சுடுகிறவர்கள் இறைச்சியில் நஞ்சு போட்டுவிட்டுப் போவார்கள். செத்த மிருகத்துக்கு மேலே கழுகு வட்டமிட்டால் வனக் காவலர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் வட்டமிடக் கழுகே இருக்கக்கூடாது என்பதுதான் அவர்களுடைய கணக்கு. கூட்டில் குஞ்சுகள் இருந்தால் அவையும் பட்டினியில் சாகும்.

ஒருவரும் இறங்க வேண்டாம், ஒன்றையும் தொட வேண்டாம் என்றார் தலைமை வழிகாட்டி. வயர்லெஸ்ஸில் காவலர்களைக் கூப்பிட்டார். மகள் கையுறைகளை மாட்டிக்கொண்டு, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு பறவையாகக் குனிந்து பார்த்தாள். தொட்டாள், விட்டாள், அடுத்ததுக்குப் போனாள். அவள் நடக்கிற விதம் எனக்குத் தெரிந்த விதம். பலெர்மோவில் முதியோர் இல்லமொன்றில் சில காலம் வேலை செய்தபோது, விடியற்காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் மூச்சு இருக்கிறதா என்று நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

இரண்டு பறவைகளில் உயிர் இருந்தது. லொறியிலிருந்த தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னாள். மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் விட்டு, இரை தங்குகிற தீன்பையைக் கழுவினாள். நஞ்சை உறிஞ்சுகிற கரித்தூளைக் கரைத்து ஊற்றினாள். ஏதோ ஊசியும் போட்டாள். ஒல்லாந்துக்காரப் பெண் இறங்கி வந்து தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தாள், அதைத் தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. மருந்து இங்கே கொஞ்சம்தான் இருக்கிறது, மவுனில் இருக்கிற மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுபோக வேண்டும் என்று மகள் சொன்னாள். காவலர்கள் வரும்வரை தலைமை வழிகாட்டி மற்றவர்களோடு அங்கே நிற்க வேண்டும். லொறியை ஓட்டச் சாரதி இருந்தார். ஆனால் இரண்டு பறவைகளைப் பிடிக்க ஆள் வேண்டும்.

"நான் வாறன்" என்றேன்.

மகள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கையுறையைத் தந்தாள்.

லொறியின் பின்பக்கத்தில், சாமான்களுக்கு நடுவே எதிரெதிராக இருந்தோம். பறவையைப் போர்வையால் சுற்றி என் மடியில் வைத்தாள். ஒரு கைக்குழந்தையின் பாரம் இருக்கும். கண்ணை ஒரு சீலைத்துண்டால் மூடிவிட்டாள், வெளிச்சம் பட்டால் பயப்படுமாம். "தலையை நிமித்திப் பிடியுங்கோ. சத்தி எடுத்தா உடனை பக்கமாச் சரியுங்கோ, விக்கிப்போடும்." வாந்தி எடுக்கிறவர்களைப் பிடிப்பது எனக்குப் பழகின வேலை. கழுத்து மெலிந்து, சூடாக, என் விரல்களுக்குள் துடித்தது. அதுவரை அந்தப் பறவையை நான் அருவருப்போடுதான் நினைத்திருந்தேன். பிணம் தின்கிறது, மொட்டைத் தலை, கெட்ட மணம். மடியில் கிடந்தபோது அதெல்லாம் ஞாபகத்தில் வரவில்லை. கடும் நோயிலிருக்கிற ஓர் உயிர் எவ்வளவு அமைதியாகத் தன்னைப் பிறர் கையில் ஒப்படைத்துவிடும் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இதுவும் அப்படித்தான் கிடந்தது.

தெரு மோசம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மகள் என் பறவையையும் தன் பறவையையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதி வழியில் என் விரல்களுக்குள் இருந்த துடிப்பு மெதுவானது. ஒரு நீண்ட மூச்சு, பிறகு இடைவெளி, பிறகு இன்னொரு சின்ன மூச்சு. அந்த இடைவெளி எனக்குத் தெரியும். அடுத்த மூச்சு வரவில்லை. பிறகு சொன்னேன்.

"பிள்ளை, இது போயிட்டுது."

அவள் குனிந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். தன் மடியிலிருந்த பறவையை இறுக்கிப் பிடித்தபடி அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை அல்ல. லொறியின் இரைச்சலுக்கு மேலால் கேட்கிற அழுகை. கைகள் பறவையோடு இருந்ததால் கண்ணீரைத் துடைக்கக்கூட அவளால் முடியவில்லை. நான் செத்த பறவையைக் கீழே கிடத்திவிட்டு, கையுறையைக் கழற்றி, என் சட்டை நுனியால் அவளுடைய முகத்தைத் துடைத்தேன்.

"அப்பா செத்த அண்டைக்கும் நான் இப்பிடி ஒரு இடத்திலைதான் நிண்டனான்" என்றாள். "அங்கை சிக்னல் இல்லை. ரெண்டு நாளா நாங்கள் அங்கைதான். எரிக்கிறதும் புதைக்கிறதும். திரும்பி வந்து போனைப் பாத்தாத்தான் உங்கடை மிஸ்ட் கோல். சாவுமணத்தோடைதான் பிளேன் ஏறினனான்."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது அம்மா? செத்த கழுகுகளோடை நிண்டதாலை அப்பான்ரை முகத்தைப் பாக்கேல்லை எண்டு எட்டுச் செபத்திலை சொல்லேலுமோ? எனக்கே அது கேட்கச் சரியில்லாமக் கிடந்தது."

லொறி ஒரு வாய்க்காலைக் கடந்து ஏறும்வரை அவளுடைய முழங்காலில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளுக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது மன்னாரில் என் தகப்பன் செத்தார். அப்போது எங்கள் வதிவிட அனுமதி, பெர்மெசோ, புதுப்பிக்கக் கொடுத்துப் பொலிஸ் கந்தோரில் இருந்தது. வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. செய்தி வந்தபோது நான் ஒரு சிஞ்ஞோராவின் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்தேன். பொரித்தேன். மேசையில் வைத்தேன். அன்றைக்கு அழவில்லை. ஊரில் என்னைப் பற்றி என்ன கதைத்தார்களோ எனக்குத் தெரியாது.

"நானும் என்ரை அப்பாவைப் பாக்கேல்லை" என்றேன். "அதுக்காக எனக்குப் பாசம் இல்லையெண்டு ஆகுமோ?"

அவள் முன்னால் குனிந்து தலையை என் தோளில் வைத்தாள். இடையில் அந்தப் பறவை இருந்தது. அது தீன்பையிலிருந்ததைச் சத்தி எடுத்து எங்கள் இருவரின் மேலும் ஊற்றியது. மகள் அழுகையோடு சிரித்தாள், நல்லது, நஞ்சு வெளியே வருகிறது என்றாள்.

மவுனில் வைத்தியர் அந்தப் பறவையை எடுத்துக்கொண்டார். பிழைக்குமா என்று கேட்டோம், தெரியாது என்றார். நாங்கள் ஒரு தண்ணீர்க் குழாயடியில் கையையும் உடுப்பையும் கழுவினோம். நான் கொண்டுபோயிருந்த செபமாலையை எடுத்தேன். அவள் பல வருடங்களாகச் செபம் சொல்வதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை. அன்றைக்கு லொறியின் நிழலில் பக்கத்தில் வந்து இருந்தாள். சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழுவினர் பிறகு வந்து சேர்ந்தார்கள். காவலர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து எரித்துவிட்டார்களாம். விட்டுவைத்தால் அடுத்த பறவைகளும் மிருகங்களும் வந்து தின்று சாகும். பயணத்தை இத்தோடு நிறுத்தலாமா என்று தலைமை வழிகாட்டி எல்லோரையும் கேட்டார். ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாள் மறுபடியும் விடிய முன் எழும்பினோம். மறுபடியும் கோப்பி, ஜீப், பற்றைக்குள் சின்னக் குருவி. ஆனால் எல்லோரும் வானத்தைத்தான் அடிக்கடி பார்த்தார்கள். ஒரு பின்னேரம் உயரத்தில் இரண்டு கழுகுகள் வட்டமிட்டன. இங்கிலாந்து மனிதர் என் கையில் தன் பைனாகுலரைத் தந்தார். அது என்னுடையதைவிட நல்லது.

நான் புறப்படுகிற நாளுக்கு முதல் நாள் வைத்தியர் எங்களைக் கூப்பிட்டார். பறவை தேறிவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு வெளியில் கூண்டைத் திறந்தார்கள். நான் பெரிதாகச் சிறகடித்து எழும்பும் என்று எதிர்பார்த்தேன். அது வெளியே வந்து, கிழவி போலத் தள்ளாடி நடந்து, ஒரு முள்மரத்தின் கீழ்க்கிளைக்கு மட்டும் தாவியது. அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. வெயில் ஏறி நிலம் சூடாகி, காற்று மேலே எழும்பினால்தான் பறக்கும் என்றாள் மகள். எனக்கு விமானத்துக்கு ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. அது பறப்பதைப் பார்க்காமலே திரும்பினோம்.

விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, நத்தாருக்கு வரப் பார்க்கிறேன் என்றாள். வர முடியாமல் போகலாம் என்றும் சொன்னாள். மழைக்காலத்தில் இடம்பெயர்ந்து வருகிற பறவைகளைப் பார்க்க ஆட்கள் வருவார்களாம், முகாமில் ஆள் குறைவாம். பரவாயில்லை என்றேன். அதை மனதிலிருந்துதான் சொன்னேன்.

நத்தாருக்கு அவளால் வர முடியவில்லை. பூசை முடிந்து பங்குக் கோவில் வாசலில் நின்றபோது ஒரு பெண் கேட்டாள், மகள் இந்த முறையும் வரவில்லையா என்று. அவள் கெட்ட எண்ணத்தோடு கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது. முன்பு இப்படிக் கேட்டால் நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடுவேன். அன்றைக்கு நின்றேன். அவளுடைய அப்பா செத்த நாளில் என் மகள் எங்கே நின்றாள், என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தொடக்கத்திலிருந்து சொன்னேன். குளிராக இருந்தது. இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து பக்கத்தில் நின்று கேட்டார்கள்.